வீட்டுக்குள் சாமந்தி பூக்க எந்த டியூப் லைட்? 36 வாட் போதுமா, மெல்லிய டி5 டியூப் வாங்கணுமா?

#1 மொட்டைமாடி (லாஸ்பேட்டை)

வடக்குப் பார்த்த அறை, நேர் வெயில் விழாது. 4 அடி நீளம், 2 அடி அகலத்தில் ஆங்கிள் ரேக் ஒன்று, மூன்று தட்டு. கையில் இருப்பது நான்கு பழைய 36 வாட் டியூப் பட்டிகள், எல்லாம் செம்புச் சோக், ஸ்டார்ட்டர் வகை. வளர்க்க நினைப்பது 6 அங்குலத் தொட்டியில் எட்டு சாமந்தி, நாலு கலஞ்சோ, கொஞ்சம் ஆப்பிரிக்கன் வயலட்.

கேள்விகள்: பூக்க மஞ்சள் வெளிச்சம் (2700) வேண்டுமா, வெள்ளை (6500) வேண்டுமா? ஒரு தட்டுக்கு எத்தனை டியூப், எவ்வளவு உயரத்தில்? முதலில் 18 மணி நேரம், பூக்கும்போது 12 மணி நேரம் என்று எல்லா இடத்திலும் போட்டிருக்கிறார்கள். அப்படியே வைக்கலாமா? மாடி இருக்கிறது, ஆனால் ஐப்பசி மழையில் போன தடவை பூ எல்லாம் அழுகிவிட்டது. அதனால்தான் உள்ளே கொண்டுவரப் பார்க்கிறேன்.

#2 சோக்_ஸ்டார்ட்டர் (முத்தியால்பேட்டை)

முதலில் டியூபின் முனையில் அச்சடித்திருக்கும் எண்ணைப் படியுங்கள். 865 என்று இருந்தால் முதல் 8 நிறத்தைக் காட்டும் தரம் (80க்கு மேல்), 65 என்பது 6500 கெல்வின் (வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் அளவு), வெள்ளை. 830 என்றால் அதே தரம், 3000 கெல்வின் மஞ்சள். 54 அல்லது 765 என்று இருந்தால் அது பழைய ஒற்றைப் பொடி டியூப் (கண்ணாடியின் உள்பூச்சில் ஒரே வகைப் பொடி).

வித்தியாசம் பெரியது. 36 வாட் பழைய வகை புதிதாக இருக்கும்போதே 2500 லூமன் (டியூப் தரும் மொத்த வெளிச்சம்) சுற்றுவட்டாரம்தான். மூன்று பொடி வகை (8ல் தொடங்கும் எண்) 3250 லூமன் தரும். பழைய வகை எரிய எரிய வேகமாக மங்கும், மூன்று பொடி வகை அவ்வளவு இறங்காது. இரண்டும் கண்ணுக்கு ஒரே மாதிரித்தான் தெரியும், கண்ணை நம்பாதீர்கள்.

மஞ்சளா வெள்ளையா என்பது நீங்கள் நினைக்கும் அளவுக்குப் பெரிய விஷயம் இல்லை. 6500ல் தண்டு கொஞ்சம் குட்டையாக நிற்கும், 3000ல் சற்று நீளும். ஒரு பட்டியில் 865, அடுத்ததில் 830 என்று மாற்றி மாற்றிப் போட்டால் இரண்டும் கிடைக்கும். 'பூக்கும் டியூப்' என்று தனியாக விலை வைத்து விற்கும் ஊதா டியூபுக்குக் காசு கொடுக்காதீர்கள். அதே வாட்டுக்கு வெளிச்சம் குறைவு, இலையில் நோய் வந்தாலும் அந்த நிறத்தில் தெரியாது.

செம்புச் சோக் ஒவ்வொன்றும் தனியாக 10 வாட் தின்னும். 36 வாட் என்று நினைப்பது மீட்டரில் 46 வாட். நாலு பட்டி 184 வாட், 14 மணி நேரம் எரிந்தால் நாளுக்கு 2.6 யூனிட். எலக்ட்ரானிக் சோக் மாற்றினால் ஒரு பட்டி 36 வாட்டுக்குள் அடங்கும். கரண்டு கம்மியாக வரும் நேரத்தில் செம்புச் சோக் மாதிரி மினுக் மினுக் என்று இழுக்கவும் செய்யாது.

#3 வயலட்_தட்டு (உப்பளம்)

எத்தனை டியூப் என்பதை வாட்டில் கணக்குப் போடக் கூடாது. செடியின் தலையில் விழும் லக்ஸ் (ஒரு சதுர மீட்டரில் விழும் லூமன்), அதோடு எத்தனை மணி நேரம். இந்த இரண்டும்தான் கணக்கு.

ஃப்ளூரசன்ட் வெள்ளை வெளிச்சத்துக்கு லக்ஸை 74ஆல் வகுத்தால் ஒரு சதுர மீட்டரில் ஒரு நொடிக்கு விழும் மைக்ரோமோல் (செடிக்குப் பயன்படும் ஒளித்துகள்களின் எண்ணிக்கை) கிடைக்கும். (வெயிலுக்கு 54ஆல் வகுக்க வேண்டும். இதைக் குழப்பிக்கொள்கிறவர்கள் நிறைய.) அதை எரியும் நொடிகளால் பெருக்கிப் பத்து லட்சத்தால் வகுத்தால் ஒரு நாளைய மொத்தம், மோல் கணக்கில்.

உங்கள் ரேக்குக்கே போட்டுப் பார்ப்போம். 4க்கு 2 அடித் தட்டில், மேலே வெள்ளை அடித்த தகடு வைத்து, இரண்டு 865 டியூப் 30 செ.மீ. உயரத்தில்: நடுவில் 4000 லக்ஸ் அளவில். 54 மைக்ரோமோல். 14 மணி நேரத்துக்கு 2.7 மோல். நாலு டியூபும் ஒரே தட்டில், 15 முதல் 20 செ.மீ. உயரத்தில்: 10,000 லக்ஸ் தாண்டும். 142 மைக்ரோமோல், 12 மணி நேரத்துக்கு 6 மோல்.

ஆப்பிரிக்கன் வயலட்டுக்கு 4 மோல் வந்தாலே பூக்கத் தொடங்கும், 6 வந்தால் சந்தோஷமாக இருக்கும். சாமந்திக்குக் குறைந்தது 10, நல்ல தண்டும் நிறைந்த பூவும் வேண்டுமானால் 12க்கு மேல். பூக்கும் காலத்தில் 12 மணி நேரம்தான் எரிக்க முடியும் என்பதால் 12 மோலுக்கு 20,000 லக்ஸ் வேண்டும். கையில் இருக்கும் நாலு பட்டியும் சேர்ந்து அதில் பாதிதான்.

டியூபின் இரு முனையிலும் ஒவ்வொரு சாண் நீளத்துக்கு வெளிச்சம் நடுவைவிடக் கணிசமாகக் குறையும். அந்த இடத்தில் வயலட் குட்டிகளை வையுங்கள், பூக்க வேண்டியதை நடுவில் வையுங்கள்.

#4 மொட்டைமாடி

அப்போ டி5 வாங்கினால் சாமந்திக்குப் போதுமா? செல்போனில் லக்ஸ் ஆப் வைத்துப் பார்த்தேன், இரண்டு டியூபுக்கு 4200 காட்டுகிறது.

#5 சோக்_ஸ்டார்ட்டர்

செல்போன் சென்சார் ஓரளவுக்குத்தான் சரி. சென்சார் டியூபைப் பார்த்தபடி, செடித் தலை உயரத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு இடத்துக்கும் இன்னொரு இடத்துக்கும் ஒப்பிட அது போதும்.

டி5ல் இரண்டு ஜாதி இருக்கிறது. 4 அடியில் 28 வாட் ஒன்று, 54 வாட் ஒன்று. வீட்டு விளக்காக விற்றது பெரும்பாலும் 28 வாட். அதை வாங்கி 54 வாட் வெளிச்சத்தை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். 54 வாட் டியூப் ஆறு போட்டால் இந்தத் தட்டில் 24,000 லக்ஸ் வரை போகலாம். சோக்கையும் சேர்த்து 350 வாட், 12 மணி நேரத்துக்கு 4.2 யூனிட். எட்டுத் தொட்டிச் சாமந்திக்கு இது. முடியுமா என்றால் முடியும். செய்ய வேண்டுமா என்பது வேறு கேள்வி.

இன்னொன்று, நம்ம ஊர் சூடு. டி8 டியூப் (உங்களிடம் இருக்கும் 36 வாட் வகை) அதிக வெளிச்சம் தருவது சுற்றிலும் 25 டிகிரி இருக்கும்போது. டி5 35 டிகிரிக்கு என்றே செய்தது. சித்திரை, வைகாசியில் மூடிய தட்டுக்குள் டியூபைச் சுற்றி 40 தாண்டும், அப்போது டி8 பத்தில் ஒரு பங்கு வெளிச்சத்தையாவது இழக்கும். சோக்கை ரேக்குக்கு வெளியே, சுவரில் அடித்துவிடுங்கள். ஐந்தில் ஒரு பங்குச் சூடு அங்கேயே போய்விடும். ஒரு சிறு ஃபேன் இலைமேல் நேராக அடிக்காமல், டியூபுக்கும் செடிக்கும் இடையே காற்றை ஓட்டும்படி வையுங்கள்.

#6 கெடிலக்கரை (கடலூர், திருப்பாதிரிப்புலியூர்)

எல்லாரும் சரியாகத்தான் சொல்கிறீர்கள். ஆனால் கேள்வியே தலைகீழாக நிற்கிறது.

சாமந்தி இரவு நீண்டால் பூக்கும் செடி. பகல் 13 மணி நேரத்துக்கு உள்ளே இருந்தால் மொட்டு கட்டும். புதுச்சேரியும் கடலூரும் இருப்பது 12 டிகிரி வடக்கு. நம் ஊரில் ஆனியில் வரும் மிக நீண்ட பகலே 12 மணி 50 நிமிடம்தான். மார்கழியில் 11 மணி 25 நிமிடம். அதாவது நம் ஊரில் வருடம் முழுக்கச் சாமந்திக்கு மொட்டுக் கட்டும் காலம்தான். பூக்க வைக்க விளக்கே தேவையில்லை. பூக்காமல் நிறுத்தி வைக்கத்தான் விளக்கு தேவை.

சாண் உயரத்திலேயே மொட்டு விட்டு, பக்கக் கிளையே இல்லாமல் ஒற்றைப் பூவோடு நிற்கும் தொட்டிச் சாமந்தியைப் பார்த்திருப்பீர்கள். உரம் பற்றவில்லை என்று நினைப்பார்கள். உரம் இல்லை காரணம், வேர்விட்ட நாளிலிருந்து நீண்ட இரவைப் பார்த்ததுதான். மொட்டுக்குக் கீழே இலை ஓரம் வெட்டுப்படாமல் பட்டையாக, நாக்கு மாதிரி இருந்தால் அது அவசர மொட்டு. கிள்ளிப் போடலாம், ஆனால் இரவு நீளமாகவே இருந்தால் அடுத்ததும் அப்படித்தான் வரும்.

இதற்கு 20,000 லக்ஸ் தேவையில்லை. 100 லக்ஸ் போதும். இரவு 10 மணிக்கு விளக்கு எரிய வேண்டும், 2 மணிக்கு அணைய வேண்டும். நீண்ட இரவு இரண்டு குட்டி இரவாக உடைந்துவிடும். இலையில் இருக்கும் ஃபைட்டோகுரோம் என்ற நிறமி சிவப்பு வெளிச்சத்தில் ஒரு நிலைக்கு மாறும், இருட்டில் மெல்லத் திரும்பும். நடுவில் வெளிச்சம் பட்டால் செடி 'இரவு நீளவில்லை' என்றே கணக்கு எடுத்துக்கொள்ளும். பகல் நீளத்துக்கும் பூப்பதற்கும் உள்ள இந்தத் தொடர்பைக் கார்னர், அல்லார்டு இருவரும் 1920ல் எழுதினார்கள். ஓசூர்ப் பக்கம் பாலிஹவுஸ்களில் ராத்திரி விளக்கு எரிவதும் இதற்குத்தான்.

உங்கள் பழைய பட்டி ஒன்றே போதும். வெள்ளைத் தகடு வைத்து 5 அடி உயரத்தில் மாட்டினால் நடுவில் 150, ஓரத்தில் 100 லக்ஸ் கிடைக்கும். மங்கிப்போன டியூபாக இருந்தாலும் பரவாயில்லை. பகலில் செடி மாடியில், காலை வெயிலில். அந்த வெயிலை எந்த டியூபாலும் தர முடியாது.

#7 நாலுமூலை (வில்லியனூர்)

ஆனால் நெட்டில் எல்லா இடத்திலும் 18 மணி நேரம், அப்புறம் 12 மணி நேரம் என்று தெளிவாக அட்டவணை இருக்கிறதே. 23 வாட் சிஎஃப்எல் எட்டு வைத்துப் பூக்க வைத்த படங்கள்கூட இருக்கின்றன. அதெல்லாம் பொய்யா?

#8 கெடிலக்கரை

பொய்யில்லை, வேறு செடி. அந்த அட்டவணைகளில் முக்கால்வாசி கஞ்சாவுக்கு எழுதியது. அதுவும் நீண்ட இரவில் பூக்கும் செடி என்பதால் கணக்கு ஒத்துப்போவது மாதிரி தெரிகிறது. கனடாவில் ஜூன் மாதம் பகல் 16 மணி நேரம். அங்கே உட்கார்ந்து எழுதியவருக்கு 12 மணி நேர இருட்டை உண்டாக்குவது பெரிய வேலை. நமக்கு அது சும்மா கிடைக்கிறது. அந்தச் செடியை நம் நாட்டில் வீட்டுக்குள் வளர்ப்பது 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் 20ஆம் பிரிவில் வரும், 10 ஆண்டு வரை சிறை. எனவே அதைப் பற்றி இங்கே பேச எதுவும் இல்லை.

சிஎஃப்எல் பற்றி: 23 வாட் பல்பின் வெளிச்சத்தில் பாதி பக்கவாட்டிலும் மேலேயும் போகும். கால் அடிக்குள் இருக்கும் ஒரு செடிக்குப் பரவாயில்லை, எட்டுத் தொட்டிக்கு நீளமான டியூப்தான் சமமாகப் பரப்பும். ராத்திரி 100 லக்ஸுக்கு மட்டும் என்றால் 15 வாட் மஞ்சள் சிஎஃப்எல் ஒன்று, குடைத் தகடோடு 3 அடி உயரத்தில் போதும்.

#9 வயலட்_தட்டு

ஒத்துக்கொள்கிறேன். நான் ரேக்கைச் சாமந்தி வளர்க்கும் இடமாக வைத்துக் கணக்குப் போட்டேன்.

அப்போது ரேக் எதற்கு? கலஞ்சோவுக்கும் வயலட்டுக்கும். வயலட்டுக்கு இரவு நீளம் ஒரு பொருட்டே இல்லை. 5000 முதல் 8000 லக்ஸ், 12லிருந்து 14 மணி நேரம், மீதி நேரம் நல்ல இருட்டு. டியூபுக்கும் இலைக்கும் 20 முதல் 25 செ.மீ. இலைக் காம்பு நீண்டு கை தூக்குகிற மாதிரி மேலே வந்தால் வெளிச்சம் பற்றவில்லை. நடு இலைகள் நெருங்கிச் சுருண்டு வெளுத்தால் அதிகம். அப்போது டியூபைத் தூக்க வேண்டாம், தினமும் ஒரு மணி நேரத்தைக் குறையுங்கள்.

கலஞ்சோ நீண்ட இரவுச் செடி. அதோடு ஒரே டைமரில் வயலட்டை வைத்தால் வம்பு. வயலட்டுக்கு 14 மணி நேரம் எரியும் தட்டில் கலஞ்சோ இலையாகவே நிற்கும், பூக்காது. பலர் மாதக்கணக்கில் உரத்தை மாற்றி மாற்றிப் பார்ப்பது இங்கேதான். கலஞ்சோவுக்குத் தனித் தட்டு, நாலு டியூப், 10 மணி நேரம் வெளிச்சம், 14 மணி நேரம் இருட்டு, ஆறு வாரம். மொட்டு கண்ணுக்குத் தெரிந்தபின் இருட்டைப் பற்றிக் கவலை இல்லை. பக்கத்துத் தட்டின் வெளிச்சம் கசியாமல் இடையில் கறுப்புத் தார்ப்பாய். கம்பளி போட்டு மூடாதீர்கள், உள்ளே புழுங்கும்.

#10 மொட்டைமாடி

புரிகிறது. ஆனால் மழைப் பிரச்சினை அப்படியே இருக்கிறதே? பொங்கலுக்குப் பூ வேண்டும் என்றால் ஐப்பசி, கார்த்திகை முழுக்க மாடியில்தானே நிற்கும்?

#11 கெடிலக்கரை

பொங்கலிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். தொட்டிச் சாமந்தி ரகங்கள் பெரும்பாலும் இருட்டு தொடங்கி 8 முதல் 10 வாரத்தில் பூக்கும். 9 வார ரகம் என்று வைத்தால் நவம்பர் 10 வாக்கில் ராத்திரி விளக்கை நிறுத்த வேண்டும். ரகம் தெரியாவிட்டால் நவம்பர் 5.

கட்டிங் ஆகஸ்ட் கடைசியில் எடுக்கலாம். 6 முதல் 8 செ.மீ. நுனி, கீழ் இலை இரண்டை நீக்கி, ஈரமான கோகோபீட்டில் (தேங்காய் நார்த் தூள்). இரண்டு, மூன்று வாரத்தில் வேர். கட்டிங் போட்ட அன்றைக்கே ராத்திரி விளக்கு தொடங்க வேண்டும், இதைத்தான் எல்லாரும் மறப்பார்கள். தொட்டிக்கு மாற்றி இரண்டு வாரம் கழித்து ஐந்தாறு இலை விட்டு முனையைக் கிள்ளுங்கள். பக்கக் கிளைகள் விரல் நீளம் வரும்வரை விளக்கு எரியட்டும். 19:19:19 உரம் (தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சமம்) லிட்டருக்கு ஒரு கிராம், வாரம் ஒரு முறை. மொட்டு பட்டாணி அளவு வந்ததும் 13:0:45க்கு மாறுங்கள். தழைச்சத்து அதே அளவில் தொடர்ந்து போனால் இதழ் மெலிந்து சீக்கிரம் பழுப்படிக்கும்.

மழைக்கு: மொட்டில் நிறம் தெரிகிற வரை மாடியில், மேலே ஒளி ஊடுருவும் ஷீட் போட்டு, பக்கங்களைத் திறந்து வையுங்கள். நிறம் தெரிந்ததும் உள்ளே ரேக்குக்கு. அதற்குப் பிறகு செடி சேர்த்து வைத்ததிலேயே பூவை விரித்துவிடும், 5000 லக்ஸ் 10 மணி நேரம் போதும். உங்கள் டியூபுக்கு உண்மையான வேலை அந்தக் கடைசி மூன்று வாரம்தான். போன தடவை அழுகியது அநேகமாக விரிந்த இதழில் தண்ணீர் நின்று வந்த சாம்பல் பூஞ்சை. நனையாத பூவுக்கு அது அவ்வளவு எளிதில் வராது.

பங்குனி முதல் ஆவணி வரை பூக்க வைக்க முயல வேண்டாம். இரவிலேயே 27, 28 டிகிரி இருக்கும்போது இருட்டு சரியாக இருந்தாலும் மொட்டு பாதியில் நின்றுவிடும். அதை விளக்கால் சரி செய்ய முடியாது.

#12 சோக்_ஸ்டார்ட்டர்

மாடியில் மாட்டுவதென்றால் அறைக்குள் மாட்டும் திறந்த பட்டி வேண்டாம். கடற்காற்று உப்பில் ஹோல்டரின் பித்தளை நாக்கு ஒரே மழைக்காலத்தில் பச்சை பூத்துவிடும், டியூப் மினுக்கும், ஸ்டார்ட்டர் போச்சு என்று நினைத்து மாற்றிக்கொண்டே இருப்பீர்கள். தண்ணீர் புகாத மூடி போட்ட ஐபி65 பட்டி, 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்ததும் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) வழியாக இணைப்பு. கைக்கெட்டும் உயரத்தில், ஈரத் தரையில் 230 வோல்ட் என்பதை மறக்க வேண்டாம்.

டைமர்: பல் சுற்றும் மெக்கானிக்கல் டைமர் கரண்டு போனால் நின்றுவிடும். இரண்டு மணி நேரம் கரண்டு இல்லையென்றால் 10 மணி விளக்கு 12 மணிக்கு எரியும். உள்ளே பேட்டரி உள்ள டிஜிட்டல் டைமர் வாங்குங்கள். சிக்கனத்துக்காகச் சிலர் ஐந்து நிமிடம் எரித்து, இருபத்தைந்து நிமிடம் அணைத்து ஓட்டுவார்கள். அது குண்டு பல்புக்கான உத்தி. டியூபை ஒரு ராத்திரிக்கு எட்டுத் தடவை எரித்து அணைத்தால் முனை கறுத்துச் சீக்கிரம் செத்துவிடும்.

#13 நாலுமூலை

இதெல்லாம் சரி, இரண்டு எட்டில் இருக்கும் கடையில் 20 வாட் எல்இடி பட்டி கிடைக்கும்போது ஏன் இன்னும் டியூபைப் பிடித்துத் தொங்க வேண்டும்?

#14 சோக்_ஸ்டார்ட்டர்

புதிதாக வாங்குவதென்றால் எல்இடிதான், அதில் எனக்குச் சண்டை இல்லை. 20 வாட் எல்இடி பட்டி 2000 லூமன். எண்ணிக்கை குறைவாகத் தெரிந்தாலும் எல்லாம் கீழே நோக்கி விழும், அதனால் தட்டில் டி8க்குக் கிட்டத்தட்ட நெருங்கிவிடும், பாதிக்கும் குறைவான கரண்டில். பாதரசப் பயன்பாட்டைக் குறைக்க நாடுகள் செய்துகொண்ட மினமாட்டா உடன்படிக்கையின் 2023 முடிவின்படி ஒற்றைப் பொடி டியூப் 2026லும் மூன்று பொடி டியூப் 2027லும் உற்பத்தி நிற்க வேண்டும். இனி டி5 54 வாட் செட் வாங்கினால் மாற்று டியூபுக்குத் தேடி அலைய வேண்டி வரும். கையில் இருக்கும் நாலு பட்டியைத் தூக்கி எறியச் சொல்லவில்லை, அவை சாகும்வரை ஓட்டுங்கள்.

பழைய பட்டியில் எல்இடி டியூப் செருகுவதாக இருந்தால் ஸ்டார்ட்டரைக் கழற்றி, சோக்கை வயரிங்கிலிருந்து விலக்கிவிடுங்கள். எந்த முனையில் ஃபேஸ், நியூட்ரல் என்று டியூபிலேயே ஒட்டியிருப்பார்கள். அதைப் பார்க்காமல் செருகினால் ஃபியூஸ் போகும்.

செத்த டியூபைக் குப்பையில் உடைத்துப் போடாதீர்கள். உள்ளே சில மில்லி கிராம் பாதரசம் இருக்கிறது, மின்கழிவு எடுப்பவரிடம் கொடுக்க வேண்டும். கைதவறி உடைந்தால் ஃபேனை அணைத்து, ஜன்னலைத் திறந்துவிட்டுக் கால் மணி நேரம் வெளியே நில்லுங்கள். துடைப்பம் வேண்டாம். கெட்டி அட்டையால் அள்ளி, ஈரக் காகிதத்தால் துடைத்து, மூடி போட்ட கண்ணாடிப் பாட்டிலில் போடுங்கள். உடைந்த இடத்துக்கு நேர் கீழே இருந்த தொட்டியின் மேல்மண்ணையும் எடுத்துவிடுங்கள்.

#15 மொட்டைமாடி

ஒரே ஒரு சந்தேகம். நவம்பரில் விளக்கை நிறுத்தியபின், மாடிக்கு எதிரே தெருவிளக்கு இருக்கிறது. அது கெடுக்குமா?

#16 கெடிலக்கரை

செடித் தலையில் செல்போனை வைத்து ராத்திரி பாருங்கள். 5 லக்ஸுக்கு உள்ளே என்றால் விட்டுவிடுங்கள். 20க்கு மேலே காட்டினால் தெருவிளக்குப் பக்கம் இருக்கும் கிளை இலையாகவும், மறுபக்கம் மொட்டாகவும் நிற்கும். செடியையே மூட வேண்டாம், உள்ளே சூடு ஏறி மொட்டுத் தாமதமாகும். தெருப் பக்கம் மட்டும் ஒரு கறுப்புத் தார்ப்பாயைத் திரை மாதிரி இழுத்துக் கட்டுங்கள். காற்றடிக்கும் மாதம், நாலு மூலையிலும் கட்டுங்கள்.